இன்னும் ஒரு அகப்பை நெய்ச்சோறு

உட்காருவது பெரிய காரியமில்லை. மண்ணில் பிறந்த யாரும் உட்கார்ந்துவிடலாம். எழுந்திருக்கும்போதுதான் ஒரு மனிதனின் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறுகிறது. என்னுடையது ஏறிய நாளில் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மொத்த வியாபாரி. கீழே கிட்டங்கி, மேலே வீடு, இரண்டுக்கும் நடுவே பதினேழு மரப்படிகள். பூர்வீகம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம். தாத்தா வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். நான் தமிழில் யோசித்து மலையாளத்தில் விலை பேசுகிறவன். என் மகள் நஸ்ரின் தமிழில் பாசமாகப் பேசுவாள், சண்டை என்று வந்தால் மலையாளத்துக்கு மாறிவிடுவாள். (எங்கள் வீட்டில் மொழியை வைத்தே வானிலை சொல்லிவிடலாம்.)

ஐம்பத்திரண்டு வயதில் என் வலது முழங்கால் பேச ஆரம்பித்தது. படி ஏறும்போது முனகியது, இறங்கும்போது கத்தியது. எறணாகுளத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார்.

"இந்த எலும்புக்கும் அந்த எலும்புக்கும் நடுவுல ஒரு இடைவெளி தெரியணும். அதுதான் குருத்தெலும்பு இருக்கிற இடம். உங்களுக்கு அது தேஞ்சு, இடைவெளி குறைஞ்சுபோச்சு."

"டாக்டர், எங்க பஜார்ல ரெண்டு கடைக்கு நடுவுலயும் இடைவெளியே கிடையாது. நூறு வருஷமா நல்லாத்தானே நிக்குது?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எடையைக் குறைக்க வேண்டும், தொடைத் தசைக்குத் தினமும் பயிற்சி செய்ய வேண்டும், தரையில் சம்மணம் போடக்கூடாது, மருந்துக் கடையில் நானாக வலி மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, இது முடக்குவாதம் இல்ல. அது வேற நோய், உடம்பே தன் மூட்டைத் தாக்கும். உங்களுது தேய்மானம்" என்றார்.

அத்தனை நேரம் அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது 'இல்ல' என்ற ஒரு சொல்தான். வீட்டுக்கு வந்து என் மனைவி சபுராவிடம், "ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு வெந்நீர் கேட்டேன்.

இதை வெளியே சொல்லாமல் இருக்க எனக்குக் காரணங்கள் இருந்தன. முதலாவது, தொழில். 'சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை' என்று நாலு மாநிலத்து வியாபாரிகளிடம் சொல்லி விற்பவன் நான். "முட்டு வலிக்கு கேக்குமா பாய்?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். "பத்துப் போட்டா மூணே நாள்" என்று மார்தட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் நொண்டிக்கொண்டு கல்லாவுக்கு வந்தால் சரக்கு எப்படிப் போகும்? (நானும் பத்துப் போட்டேன். மூன்று மாதம் போட்டேன். முழங்கால் மணத்தது, அவ்வளவுதான்.)

இரண்டாவது, பள்ளிவாசல். கால் முடியாதவர்கள் தொழுவதற்காகக் கடைசியில் ஒரு நாற்காலி வரிசை உண்டு. அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் அடுத்த நாளிலிருந்து பஜாரே அண்ணன் முறை வைத்து, "காக்கா, உடம்பு எப்படி இருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும். அதனால் நான் தூண் ஓரமாக இடம் பிடிக்க ஆரம்பித்தேன். எழும்போது யாருக்கும் தெரியாமல் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொள்ளலாம். சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். தூண் ஓரத்துக்கு எப்போதும் அடிதடி. அங்கே நிற்பவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள்.

மூன்றாவது காரணம்தான் நிஜமான காரணம். நஸ்ரினுக்கு ஆலப்புழையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனின் தாயார் படியில் ஏறி வரும்போது, நான் நண்டு போலப் பக்கவாட்டில் இறங்கிப்போய் வரவேற்றேன். அந்த அம்மா என் காலையே பார்த்தார். "குடும்பத்துல வாதம் உண்டோ?" என்று கேட்டார். சாயா குடித்தார்கள். "வீட்டுல கலந்துட்டு சொல்றோம்" என்று போனவர்கள் இன்றுவரை கலந்துகொண்டிருக்கிறார்கள். நஸ்ரினுக்கு அதில் துளியும் வருத்தமில்லை. எனக்கு மட்டும் நெஞ்சில் முள் தைத்தது. என் முழங்கால் என் மகளின் வாழ்க்கைக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு அடுத்த வருடம் நஸ்ரினே வந்து பேசினாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதே பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருக்கும் அஷ்கர் என்ற பையன், பாலக்காட்டுக்காரன், வீட்டில் வந்து பேசலாமா என்று கேட்டிருக்கிறான்.

"எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு வாப்பா" என்றாள், தமிழில், தரையைப் பார்த்துக்கொண்டு. ஆறாம் வகுப்பில் சைக்கிள் கேட்டதற்குப் பிறகு அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அதுதான். இந்தச் சம்பந்தம் என்னால் தவறிப்போனால் நான் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அஷ்கரின் வாப்பா ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், பெயர் ஹனீஃபா. எல்லாரும் மலையாள வழக்கப்படி 'மாஷ்', அதாவது வாத்தியார், என்று கூப்பிடுவார்கள். அவர்களும் எங்கள் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம்தான். அதனால் விருந்து சஹனில்தான் என்று நான் அறிவித்தேன். சஹன் என்றால் பெரிய தட்டு. தரையில் விரிப்புப் போட்டு, நடுவில் நெய்ச்சோற்றைக் குவித்து, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட வேண்டும்.

"வாப்பா, மேசையில வெச்சுக்கலாமே. முட்டு தேய்மானம்னு நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்" என்றாள் நஸ்ரின். டாக்டரம்மா எழுதிய சீட்டை அவள் எப்போதோ எடுத்துப் படித்திருந்தாள்.

"சொன்னே, அவ்வளவுதான்! சம்பந்தி வீட்டுக்கு மேசையில சோறு போட்டா ஹோட்டல்னு நினைப்பாங்க."

"வாப்பாட இஷ்டம் போலெ!" என்றாள். மலையாளம் வந்துவிட்டது. நான் கீழே போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் செய்த ஆயத்தங்களைக் கேளுங்கள். காலையில் இரண்டு வலி மாத்திரை. கைலிக்குள்ளே முழங்காலுக்கு இறுக்கமான உறை. அதற்கும் கீழே சுக்குப் பத்து. இதெல்லாம் துணைப்படைதான். முக்கியமான படை எங்கள் முன்னறை ஜன்னல். பஜாரைப் பார்த்த பழைய ஜன்னல், கனத்த இரும்புக் கம்பிகள். அதன் அருகே சம்மணமிட்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து எழுவதை முந்தின நாள் மூன்று முறை ஒத்திகை பார்த்தேன். மூன்று முறையும் வெற்றி. சஹனை ஜன்னல் ஓரமாக வைக்கச் சொன்னேன், ஜன்னல் பக்கம் எனக்கு.

நண்பகலில் வந்தார்கள். மாஷ், அவர் மனைவி, அஷ்கர், அஷ்கரின் அண்ணன். மாஷ் ஒடிசலான மனிதர், வெள்ளை முழுக்கைச் சட்டை. படியேறி வரும்போது நடுவில் இரண்டு இடத்தில் நின்றார். கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, "நல்ல தேக்கு. இப்படி மரம் இப்ப எங்க கிடைக்குது?" என்றார். கலாரசனை உள்ள மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியதும், "உடம்பெல்லாம் சுகந்தானே?" என்று சாதாரணமாகக் கேட்டார். எல்லாரும் எல்லாரிடமும் கேட்பதுதான். 'அல்ஹம்துலில்லாஹ்' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு ஆலப்புழை அம்மா நினைவுக்கு வந்துவிட்டார்.

"எங்க குடும்பத்துல வாதம், முட்டு வலி, ஒண்ணுமே கிடையாது மாஷ். எங்க வாப்பா எண்பது வயசுல இங்கேர்ந்து வைப்பினுக்கு நடந்தே போயிட்டு வருவாங்க!"

வைப்பின் ஒரு தீவு. நாங்கள் போட்டில்தான் போவோம். என் வாப்பா தண்ணீர்மேல் நடந்ததாக நான் சொல்லிவிட்டது எனக்கே இரண்டு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அஷ்கர் இயற்பியல் டீச்சர், நிச்சயம் கவனித்திருப்பான். மாஷ் மட்டும் பெருமூச்சோடு, "பாக்கியவான்" என்றார்.

சாப்பாடு வந்தது. பெண்கள் உள்ளே சாப்பிட, ஆண்கள் நால்வர் முன்னறையில். "வாங்க மாஷ், இப்படி..." என்று நான் எதிர்ப்பக்கத்தைக் கை காட்டுவதற்குள், அவர் விறுவிறுவென்று போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"இங்க நல்லா காத்து வருது" என்றார்.

விருந்தாளியை எழுப்ப முடியுமா? எனக்குக் கிடைத்தது அறையின் நட்டநடு. கைக்கு எட்டும் தூரத்தில் பிடித்துக்கொள்ள சோற்றைத் தவிர ஒன்றுமில்லை. அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பதே சரி. தண்ணீர்த் தம்ளர்கள் நான்கும் ஒரு முறை குதித்து அடங்கின.

சபுராவின் நெய்ச்சோறும் கறியும் தால்ச்சா என்ற பருப்புக் குழம்பும் அன்று அமிர்தம். கால் மணி நேரம் நான் முழங்காலையே மறந்திருந்தேன். பிறகு சஹனின் அடி தெரிய ஆரம்பித்தது. எல்லாருடைய கையும் மெதுவாகியது. இன்னும் ஐந்து நிமிடத்தில் எழ வேண்டும் என்று தெரிந்ததும், சோதனைக்காக வலது காலைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தேன். நகரவில்லை. இன்னும் கொஞ்சம் முயன்றேன். முழங்காலுக்குள் யாரோ திருகாணி முறுக்கியது போல இருந்தது.

அப்போது என் மூளை செய்த வேலைதான் இந்தக் கதைக்கே மூலம். எழ முடியாதவன் என்ன செய்ய வேண்டும்? எழ வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

"சபுரா!" என்று குரல் கொடுத்தேன். "இன்னும் ஒரு அகப்பை நெய்ச்சோறு!"

சோறு வந்தது. இங்கே எங்கள் சஹன் மரியாதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விருந்தாளி கையெடுக்கும்வரை வீட்டுக்காரன் கையெடுக்கக் கூடாது. அவருக்குக் கூச்சமாகிவிடும். அதே போல, வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நல்ல விருந்தாளி எழ மாட்டார். இவருக்குக் கூச்சமாகிவிடும். இந்த இரண்டு விதிகளும் சாதாரண நாளில் ஒன்றையொன்று அழகாக முடித்து வைக்கும். அன்று நான் நிறுத்தவில்லை. மாஷ் நல்ல மனிதர், அவரும் நிறுத்தவில்லை. வாப்பா நிறுத்தாததால் பிள்ளைகள் இருவரும் நிறுத்தவில்லை.

இரண்டாவது அகப்பை. மூன்றாவது அகப்பை. அஷ்கரின் அண்ணன் சட்டையின் கடைசிப் பொத்தானைக் கழற்றினான். அஷ்கர் ஒவ்வொரு பருக்கையாக எடுத்து, வகுப்பில் எதையோ அளப்பவன் போல வாயில் வைத்தான். மாஷின் நெற்றியில் வியர்வை. நான் தொதலும் கொண்டுவரச் சொன்னேன். எங்கள் ஊர்ப்பக்கத்துத் தேங்காய்ப்பால் இனிப்பு, மெல்ல நேரமாகும் என்பதுதான் என் கணக்கு.

உள்ளே அடிச்சட்டியை அகப்பை சுரண்டும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மாஷின் மனைவி கதவோரம் வந்து நின்றார்.

"என்னங்க இது? சுகர் உள்ள ஆளு தொதல் தின்னுட்டு இருக்கீங்க! மறந்துபோச்சா?"

மாஷ் பரிதாபமாக என்னைப் பார்த்தார். "அவர் கையெடுக்கலியே. நான் எப்படி எடுக்கறது?"

அறையே என்னைப் பார்த்தது. பெண் பார்க்க வந்த மனிதரின் உயிரோடு நான் விளையாடிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. உடனே கையெடுத்தேன். மாஷ் 'அப்பாடா' என்று ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தார். பிள்ளைகளும் எழுந்தார்கள். நான் மட்டும் காலியான சஹனுக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்தேன்.

"எந்திரிங்க, கை கழுவலாம்" என்றார் மாஷ்.

"நீங்க போங்க. நான் கொஞ்ச நேரம் இப்படியே... எனக்கு இதுதான் பழக்கம்."

அவர்கள் போகவில்லை. வீட்டுக்காரரை எச்சில் கையோடு விட்டுவிட்டுப் போவது மரியாதையா? மூவரும் நின்றார்கள். வேறு வழியில்லாமல் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி எழப் பார்த்தேன். வலது கை முழுக்க நெய். அது வழுக்கியது. அடுத்த நொடி என் முழங்கை தால்ச்சாக் கிண்ணத்துக்குள் இருந்தது.

அஷ்கரும் அண்ணனும் பாய்ந்து வந்து ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். முழங்கால் போட்ட சத்தத்தில் நானும் போட்டேன் ஒரு சத்தம். பயந்துபோய் இருவரும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டார்கள். தம்ளர்கள் மறுபடியும் குதித்தன.

அப்போது நஸ்ரின் வந்தாள். ஒரு கையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, இன்னொரு கையில் தலையணை. முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"யாரும் இழுக்காதீங்க" என்றாள். வகுப்பறைக் குரல். "வாப்பா, பக்கவாட்டுல திரும்புங்க. ரெண்டு கையையும் ஊனுங்க. முட்டுக்குக் கீழ தலகாணி. ம்... இப்ப நாற்காலி மேல கை. நல்ல காலை முன்னாடி வைங்க. வலிக்கிற காலை இல்ல, நல்ல காலை! இப்ப கையை அமுக்கி எந்திரிங்க."

சம்பந்தி வீட்டார் முன்னிலையில், மணப்பெண்ணின் தகப்பன் நான்கு காலில் நின்று, தால்ச்சா சொட்டச் சொட்ட, மகள் சொல்லச் சொல்ல எழுந்தான். வலிக்கவே இல்லை. அதுதான் எனக்கு மேலும் அவமானம். இவ்வளவு எளிதான ஒன்றை அவள் இரண்டு வருடமாக எனக்குச் சொல்லித்தர வந்துகொண்டிருந்தாள்.

நஸ்ரின் மாஷ் பக்கம் திரும்பினாள். "வாப்பாவுக்கு முட்டு தேய்மானம். நாலு வருஷமாச்சு. உங்ககிட்ட மறைக்கச் சொன்னாங்க. எனக்கு மறைக்க இஷ்டமில்ல" என்றாள். குரல் நடுங்கவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. அதைப் பார்த்தபோது, தரையிலேயே கிடந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆசைப்பட்டதை வாய்விட்டுக் கேட்ட பிள்ளை. ஒரு நெய்ச்சோற்றில் நான் அதைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மாஷ் போய்க் கை கழுவினார். துண்டில் நிதானமாக ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அந்த நேரம் எனக்கு மூன்று அகப்பைச் சோற்றைவிட நீளமாக இருந்தது. திரும்பி வந்து மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"பொண்ணு நல்லா பாடம் நடத்துது. நம்ம வீட்டுக்கும் இப்படி ஒரு ஆள் வேணும்."

ஏன் 'வேணும்' என்பதை அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. (தால்ச்சாவில் மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன். பொய் விடாது.)

திங்கட்கிழமை நஸ்ரின் என்னை மறுபடி அந்த டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். இந்த முறை முழுவதும் காதில் விழுந்தது. "தேஞ்சது திரும்ப வளராது. ஆனா சுத்தியிருக்கிற தசையை வளர்க்கலாம். அது பாரத்தைத் தாங்கிக்கும்" என்றார் டாக்டரம்மா. சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திப் பத்து எண்ணுவதும், காலை நீட்டி உயர்த்திப் பிடிப்பதும் தினமும் காலைத் தொழுகைக்குப் பிறகு என் வேலை. நெய்ச்சோறு மாதத்துக்கு ஒரு முறை. எடை ஆறு கிலோ இறங்கியது. வலது கால் வலிக்குக் கைத்தடியை இடது கையில் பிடிக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் ஒளித்து வைத்திருந்த தடியை அதுவரை தப்பான கையில் பிடித்து ஒத்திகை பார்த்திருக்கிறேன். பள்ளிவாசலில் நேராக நாற்காலி வரிசைக்குப் போனேன். அடுத்த மாதம் தூண் ஓரத்திலிருந்து இரண்டு பேர் வெட்கத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வலி போய்விடவில்லை. முன்பு அது வீட்டுக்காரன், நான் குடித்தனக்காரன். இப்போது மாறியிருக்கிறது. சுக்கு இன்னும் விற்கிறேன். முட்டு வலிக்குக் கேட்குமா என்று கேட்டால், "சாயாவுல போட்டா நல்லா இருக்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கல்யாணம் நடந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் அன்று சோறு கேட்டுக்கொண்டே இருந்த காரணம் தெரிந்ததிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரு சொல்வழக்கு வந்துவிட்டது. யாருக்காவது எழக் கை கொடுக்க வேண்டுமென்றால், "இன்னும் ஒரு அகப்பை வேணுமா?" என்று கேட்பார்கள். சோபாவில் புதைந்த சபுராவிடமும் கேட்டிருக்கிறார்கள். பேருந்தில் அஷ்கர் என்னை அப்படிக் கேட்டு, பக்கத்து சீட் சேட்டன் எங்களைப் பயத்தோடு பார்த்திருக்கிறார்.

போன மாதம் பாலக்காட்டில் பேத்திக்குப் பெயர் வைத்த விருந்து. நான் மேசையில், கூச்சமே இல்லாமல். கீழே விரிப்பில் மாஷ் தன் உறவினர்களோடு சஹனில். அங்கே ஜன்னல் தூரத்தில் இருந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் நேரம், மாஷ் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் சோறு கொண்டு வாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார். வந்தது. சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். சுகர் உள்ள மனிதர், இரண்டாவது தடவை கேட்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் புன்னகையை எனக்கு நன்றாகத் தெரியும். மட்டாஞ்சேரியில் ஒரு காலி சஹனுக்கு முன்னால் அதை நானே சிரித்திருக்கிறேன்.

தடியை இடது கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். என் நாற்காலியைத் தரையோடு தள்ளிக்கொண்டே போய் அவருக்கு முன்னால் நிறுத்தினேன்.

"சோறு போதும் மாஷ். பக்கவாட்டுல திரும்புங்க. நல்ல காலை முன்னாடி."

மாஷ் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடப் பையன் போலத் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"பின்னே, அன்னிக்கு உங்க வீட்டுல நான் காத்துக்காகவா ஜன்னல் பக்கம் உக்காந்தேன்னு நினைச்சீங்க?"